யார் கண்ணிலும் படாமல்

பிள்ளையார்பாளையத்தில் என் அத்தை நாற்பது வருடம் தார் சுற்றினார். பட்டு இழை எங்கே நைந்திருக்கிறது என்று பார்க்காமலே அவர் விரலுக்குத் தெரியும். இடது மார்பில் கட்டி இருப்பதும் அந்த விரலுக்குத்தான் முதலில் தெரிந்தது. எட்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. "ஏன் அத்தை மறைச்சீங்க?" என்றதற்கு, "யார்கிட்ட போய்க் காட்டுறது?" என்றார். காரப்பேட்டையில் அண்ணா பெயரில் புற்றுநோய் மருத்துவமனை இருக்கும் ஊர் இது. தூரம் காரணமில்லை.

வெள்ளத்துக்கு அஞ்சி அம்மன் மணல் லிங்கத்தைத் தழுவியதால் ஏகாம்பரநாதர் மேனியில் முலைத்தழும்பு பதிந்தது என்கிறது எங்கள் தலபுராணம். வகுப்பில் அதைத் தயங்காமல் நடத்துகிறேன். அத்தை அந்தச் சொல்லை உச்சரித்ததே இல்லை. "இங்க" என்று சேலைமேல் கை வைப்பார், அவ்வளவுதான்.

அதனால்தான், 2016இல் கீதா மஞ்சுநாத் பெங்களூருவில் தொடங்கிய 'நிராமை' பற்றிப் படித்தபோது முதலில் நிம்மதியாக இருந்தது. வெப்பத்தைப் பதிவுசெய்யும் கேமரா முன்னால் பெண் உட்காருகிறாள். யாரும் தொடுவதில்லை, யாரும் பார்ப்பதில்லை. கட்டி வளரும் இடத்தில் ரத்த ஓட்டம் கூடுவதால் சூடும் மாறும்; அந்த மாற்றத்தைக் கணினி படிக்கிறது. (வெப்பப் படம் மேமோகிராமுக்கு மாற்றல்ல என்கிறது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு.)

பிறகுதான் உறுத்தியது. இந்தக் கருவி அத்தையின் வெட்கத்தை மதிக்கிறது, சரி. ஆனால் அந்த வெட்கத்தை அவருக்குள் வைத்தவர்களை ஒரு கேள்வியும் கேட்பதில்லையே. பெண் உடம்பைப் பார்க்க ஏற்றது உயிரில்லாத கண்தான் என்று நாமே ஒப்புக்கொள்கிறோமா?

கணினிமேல் எனக்குப் பகை இல்லை. மேமோகிராமில் சந்தேக இடங்களைக் குறித்துத் தரும் பழைய மென்பொருளுக்கு 1998இலேயே அமெரிக்கா அனுமதி தந்தது. அதனால் துல்லியம் குறைந்தது, நோயில்லாதவர்கள் வீணாக ஊசிப் பரிசோதனைக்குப் போனார்கள் என்று 2007இல் ஓர் ஆய்வு சொன்னது. 2023இல் சுவீடனில் 80,000 பெண்களின் படங்களை வைத்துச் செய்த ஆய்விலோ செயற்கை நுண்ணறிவு மருத்துவர்களின் படம் படிக்கும் வேலையை 44 சதவீதம் குறைத்தது. கண்டறியப்பட்ட புற்று குறையவில்லை. ஆனால் அந்தப் பெண்கள் எல்லாம் பரிசோதனை அறைக்குள் வந்துவிட்டவர்கள். என் அத்தை வாசலுக்கே வரவில்லை.

மும்பையில் டாடா நினைவு மையம் 1998இல் தொடங்கிய ஆய்வில் கருவியே கிடையாது. பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் கையால் தொட்டுப் பார்த்தார்கள். இருபது ஆண்டுக்குப் பின் கணக்கெடுத்தபோது, ஐம்பது வயது தாண்டியவர்களில் மார்பகப் புற்றால் இறப்பது ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்திருந்தது.

அத்தையைக் கடைசியில் ஒரு பெண் மருத்துவர் பார்த்தார். கதவைச் சாத்தி, உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, "தொடலாமாம்மா?" என்று கேட்டாராம். அறுவைச் சிகிச்சை பற்றி அத்தை என்னிடம் எதுவும் பேசியதில்லை. இதை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.