இருப்பார்... இருக்கலாம்!

நண்பர் ஒருவர் சென்னையில் மாலை நேர ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறார். ‘ஒருநாள் வந்து பாருங்களேன், உங்களுக்கு எழுத மேட்டர் கிடைக்கும்’ என்றார். போய் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். அன்றைய பாடம் ‘இஃப்’.

இங்கிலீஷ் பாடப் புத்தகங்களில் ‘இஃப்’ நாலு வகை. ஐஸை வெளியே வைத்தால் உருகும். இது எப்போதும் நடப்பது. பஸ் வந்தால் போவேன். இது நடக்கக்கூடியது. நான் பிரதமராக இருந்தால் வரியையே ரத்து செய்வேன். இது கற்பனை. ஒழுங்காகப் படித்திருந்தால் பாஸாகியிருப்பேன். இது முடிந்துபோன கதை, இனி ஒன்றும் செய்ய முடியாது. ஸீரோ, ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட் கண்டிஷனல் என்று இவற்றுக்குப் பெயர்.

செகண்டில் ஒரு கூத்து. நடக்காததைச் சொல்ல இறந்தகாலத்தைப் போட வேண்டும். “நடக்காததை எதுக்கு சார் நடந்து முடிஞ்ச மாதிரி சொல்லணும்?” என்று மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கும் பையன் கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால், தமிழிலும் நாம் கிட்டத்தட்ட இதைத்தான் செய்கிறோம், கவனித்திருக்கிறீர்களா? வந்தேன், வந்தால். போனேன், போனால். சாப்பிட்டேன், சாப்பிட்டால். நாளைக்கு வரப்போகிறவரைப் பற்றிப் பேசுகிற ‘வந்தால்’ என்ற சொல்லுக்குள்ளும் ஓர் இறந்தகாலம் ஒளிந்துகொண்டிருக்கிறது!

பிறகு, ஆளுக்கொரு தேர்ட் கண்டிஷனல் வாக்கியம் எழுதச் சொன்னார் நண்பர். பையன் கிரிக்கெட் பற்றி எழுதினான். ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா, வெளிநாட்டுப் பேரனோடு போனில் பேசுவதற்காக வகுப்பில் சேர்ந்தவர், தயங்கியபடி நோட்டை நீட்டினார்.

‘அன்று ராத்திரியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தால், என் கணவர் பிழைத்திருப்பார்.’

இலக்கணத்தில் ஒரு தப்பு இல்லை. ‘ஹேட்’, ‘வுட் ஹேவ்’ எல்லாம் அதனதன் இடத்தில். நெஞ்சை அடைக்கிற மாதிரி இருக்கு என்றாராம் கணவர். அடிக்கடி வருகிற வாயுத் தொல்லைதான் என்று நினைத்து, ஓமத் தண்ணி போட்டுக் கொடுத்திருக்கிறார் இவர். விடியும்போது எல்லாம் முடிந்துவிட்டது.

உங்களிடமும் இப்படி ஒரு வாக்கியம் இருக்கும். எல்லோரிடமும் இருக்கிறது. அதுவும் நூலிழையில் தவறிய விஷயம் என்றால், சீக்கிரத்தில் விடாது. 1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸ். 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி.உஷாவுக்கு 55.42 விநாடி. வெண்கலம் வாங்கியவருக்கு 55.41. ‘கோட்டுக்கிட்ட நெஞ்சைக் கொஞ்சம் முன்னால தள்ளியிருந்தா...’ என்று இன்றைக்கும் பேசுகிறோம். உஷா இருபதாவதாக வந்திருந்தால் பேசுவோமா?

1992 பார்சிலோனா ஒலிம்பிக்ஸ் வீடியோக்களை வைத்து, தாமஸ் கிலோவிச் உள்ளிட்ட மூன்று அமெரிக்க உளவியலாளர்கள் ஓர் ஆய்வு செய்து, 1995-ல் வெளியிட்டார்கள். வெள்ளி வாங்கியவர்களைவிட வெண்கலம் வாங்கியவர்களின் முகத்தில்தான் சந்தோஷம் அதிகம்! வெள்ளிக்காரர், ‘இன்னும் கொஞ்சம் முயன்றிருந்தால் தங்கம்’ என்று நினைக்கிறார். வெண்கலக்காரர், ‘கொஞ்சம் அசந்திருந்தால் இதுவும் இல்லை’ என்று நினைக்கிறார். இரண்டுமே தேர்ட் கண்டிஷனல்தான். ஒன்று மேலே பார்க்கிறது, இன்னொன்று கீழே பார்க்கிறது.

சரி, அந்த அம்மா விஷயத்துக்கு வருவோம். அவர் மேல் தப்பு உண்டா?

‘அதெல்லாம் விதிம்மா, மறந்துடுங்க’ என்று சொல்லிவிடலாம். சுலபம். ஆனால், அவரால் மறக்க முடியாது. முடியவும் கூடாது என்றுகூடச் சொல்வேன். பிரிட்டிஷ் தத்துவவாதி பெர்னார்ட் வில்லியம்ஸ் 1976-ல் ஓர் உதாரணம் சொன்னார். ஒரு லாரி டிரைவர். அவர்மீது எந்தத் தப்பும் இல்லை. ஆனாலும், குழந்தை ஒன்று வண்டியில் அடிபட்டுவிடுகிறது. வேடிக்கை பார்ப்பவனின் வருத்தமும் அந்த டிரைவரின் வருத்தமும் ஒன்றாக இருக்க முடியுமா? ‘என் மேல தப்பில்லையே’ என்று அவர் உடனே விசிலடித்துக்கொண்டு போனால், நமக்கே அவரைப் பிடிக்காது. தப்பு இல்லாத இடத்திலும் வருத்தத்துக்கு ஒரு நியாயம் உண்டு.

ஆனால், வருத்தம் வேறு, தீர்ப்பு வேறு. தீர்ப்பு சொல்லும்போது, அன்றைக்குத் தெரிந்ததை வைத்துத்தான் சொல்ல வேண்டும். விடிந்த பிறகு தெரிந்ததை, ராத்திரி பத்து மணி மனுஷியின் தலையில் ஏற்றக் கூடாது.

தெரிந்தே விட்டது தனிக் கணக்கு. ஊரிலிருந்து அம்மா போன் செய்யும்போதெல்லாம் ‘மீட்டிங்ல இருக்கேம்மா’ என்று பொய் சொல்லி கட் பண்ணியவர், பிறகு ‘பேசியிருந்தால்...’ என்று அழுதால், அந்த அழுகை அவர் வாங்கிய கடன். அவர்தான் கட்ட வேண்டும்.

நண்பர் நோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். ‘வெரிகுட்’ போடவில்லை. ‘வுட்’ என்ற சொல்லுக்கு மேலே, சின்னதாக ‘மைட்’ என்று எழுதினார்.

“நான் எழுதினது தப்பா சார்?”

“தப்பில்லைம்மா. இப்படியும் எழுதலாம்.”

“ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?”

“முதல்ல நீங்க எழுதினது, ‘பிழைச்சிருப்பார்’. இது, ‘பிழைச்சிருக்கலாம்’.”

அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. நோட்டை வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார்.

யோசித்துப் பாருங்கள். நடக்காத ஒன்றைப் பற்றி, ‘இப்படித்தான் ஆகியிருக்கும்’ என்று சொல்ல நமக்கு என்ன சாட்சி இருக்கிறது? ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் என்ன ஆகியிருக்கும், அங்கே யார் இருந்திருப்பார்கள், எதுவும் தெரியாது. குற்ற உணர்ச்சி எப்போதும் ‘இருப்பார்’ என்று அடித்துச் சொல்கிறது. உண்மைக்கு ‘இருக்கலாம்’ வரைதான் அனுமதி. ‘இருக்கலாம்’ வலியைப் போக்காது. ஆனால், செய்யாத கொலைக்குத் தண்டனை கொடுக்காது.

வகுப்பு முடிந்து படி இறங்கும்போது, அந்த அம்மா மெடிக்கல் ஷாப் பையனிடம் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. “தம்பி, நெஞ்சு வலின்னு சொல்லி யாராவது கேஸ் மாத்திரை கேட்டா, சும்மா குடுத்து அனுப்பிடாதே. உடனே 108-க்கு போன் பண்ணச் சொல்லு.”

கேட்டால், சொல்லு. இது தேர்ட் இல்லை, ஃபர்ஸ்ட் கண்டிஷனல். இன்னும் நடக்கக்கூடியது.