கோடை விடுமுறையும் நம் வாலிபச் செல்வங்களும்

  

 

ஏப்ரல் 15ஆம் தேதி வந்துவிட்டால் எங்கள் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தின் ஓசையே மாறிவிடும். அன்று முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்பது அரசாங்கத்தின் தடை. 2017க்கு முன்பு இது 45 நாட்களாக இருந்தது. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் இந்தக் கட்டுப்பாடு. படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். ஒரு பக்கம் இஞ்சின் வேலை, ஒரு பக்கம் வர்ணம் பூசும் வேலை, ஒரு பக்கம் வலை சரிபார்க்கும் வேலை நடக்கும்.

ஏறத்தாழ இதே நாட்களில்தான் நம் பிள்ளைகளின் பள்ளிக்கூடங்களும் மூடிக் கிடக்கின்றன. தந்தைக்குக் கடல் இல்லை. மகனுக்குப் பாடம் இல்லை. கையில் செல்போன் இருக்கிறது. மாலையானால் கடலோரக் கருங்கற்களின் மீது வாலிபர் கூட்டம். இந்த ஓய்வு நாட்களில்தான் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளின் உள்ளத்தில் இதுவரை இல்லாத ஒரு சலனம் தலைதூக்குகிறது. அதைப் பற்றிப் பேச வீட்டில் எவரும் இல்லை. ஆகவே அது செல்போனுக்குள் போய்ப் பதுங்கிக் கொள்கிறது.

நாம் செய்த தவறு

சென்ற ஆண்டு விடுமுறை துவங்கிய முதல் ஜும்ஆவில் இது பற்றி நாம் பயான் செய்தோம். நரகத்தைச் சொல்லி எச்சரித்தோம், பெற்றோர்களைச் சாடினோம். பெண் பிள்ளைகளைக் கண்காணியுங்கள் என்று குரலை உயர்த்திச் சொன்னோம். ஆண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தையோடு நிறுத்திக் கொண்டோம்.

நான்கு நாட்கள் கழித்து, படகு இஞ்சின் பழுது பார்க்கும் சகோதரர் ஒருவர் நம்மிடம் வந்தார்.

"ஹஜரத், நீங்க சொன்னது சரியாப் போச்சு. என் மக நோட்டுல ஒரு சீட்டு இருந்துச்சு. டியூஷன்ல படிக்கிற பையன் எழுதினது. பத்தாவதோட போதும்னு நிறுத்திட்டேன்."

"பிள்ளை பதில் எழுதியதா?" என்று கேட்டோம்.

"இல்ல ஹஜரத். ஆனா கிழிக்காம வச்சிருந்தா. அது போதாதா?"

நம் பயானின் பலன் என்று அவர் அதைப் பெருமையோடு சொன்னார். நமக்கு நெஞ்சில் கல் விழுந்தது போலிருந்தது. நம் வீட்டாரை அனுப்பி விசாரித்தோம். அந்தப் பெண் சொன்ன பதில் இதுதான்: கிழித்தால் மறைத்தேன் என்பார்கள், காட்டினால் அடி விழும், என்ன செய்வதென்று தெரியாமல் நோட்டிலேயே வைத்திருந்தேன். சகோதரர்களே! ஒரு குற்றமும் செய்யாத பிள்ளை, தன் தகப்பனிடம் சொல்லப் பயந்த ஒரே காரணத்தால் படிப்பை இழக்க இருந்தது.

அந்தப் பையனோ அஸர் தொழுகைக்குத் தவறாமல் வருபவன். பயானுக்குப் பிறகு பள்ளிவாசல் பக்கமே காணவில்லை. தன் தகப்பனாருடன் படகுக்கு வர்ணம் பூசிக் கொண்டிருந்தவனைத் தேடிப் போய்ச் சந்தித்தோம். தலை நிமிரவில்லை.

"என்னப்பா எழுதினாய்?"

"பேரை எழுதி, லீவுல டியூஷன் உண்டான்னு கேட்டிருந்தேன் ஹஜரத். வேற ஒண்ணும் எழுத வரல."

நமக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. எழுத வராமல் அவன் கையைத் தடுத்தது எது? அதுதான் ஹயா என்னும் நாணம். நாணம் ஈமானின் கிளைகளில் ஒன்று என்பது நாயகத்தின் போதனை. அந்தத் தயக்கத்தைக் கேலி செய்து கொன்றுவிட்டால், அடுத்த முறை அவன் கை தயங்காது.

நாயகம் (ஸல்) அவர்கள் என்ன செய்தார்கள்?

ஹிஜ்ரி 10ஆம் ஆண்டு. இறுதி ஹஜ்ஜின்போது நாயகம் அவர்களின் வாகனத்தில் பின்னால் அமர்ந்திருந்தார் ஃபள்லு இப்னு அப்பாஸ் (ரலி). அழகிய வாலிபர். கஸ்அம் குலத்துப் பெண் ஒருவர், தன் முதிய தந்தைக்காக ஹஜ் செய்யலாமா என்று கேட்க வந்தார். ஃபள்லு அப்பெண்ணைப் பார்த்தார். அப்பெண்ணும் அவரைப் பார்த்தார். நாயகம் அவர்கள் ஃபள்லின் முகத்தை மறுபக்கம் திருப்பினார்கள்.

இதை ஊன்றிக் கவனியுங்கள். ஃபள்லைக் கூட்டத்தில் அவமானப்படுத்தவில்லை. வாகனத்திலிருந்து இறக்கிவிடவும் இல்லை. அப்பெண்ணை விரட்டவும் இல்லை. அவருடைய கேள்விக்கு, செய்யலாம் என்று விடையும் அளித்தார்கள். திருப்பப்பட்டது பையனின் முகம். பெண்ணின் கல்வி நிறுத்தப்படவில்லை. நாமோ இதைத் தலைகீழாக்கிவிட்டோம்! திருமறையின் நூர் அத்தியாயத்திலும் பார்வையைத் தாழ்த்தும் கட்டளை முதலில் ஆண்களுக்கே வருகிறது. அடுத்த வசனத்தில்தான் பெண்களுக்கு வருகிறது.

கஸஸ் அத்தியாயத்தில் நபி மூஸா (அலை) அவர்களின் வரலாறும் உண்டு. மத்யன் நகரின் நீர்த்துறையில் இரு பெண்கள் ஒதுங்கி நின்றார்கள். மூஸா நபி காரணத்தைக் கேட்டார்கள். ஆடுகளுக்குத் தண்ணீர் புகட்டிக் கொடுத்தார்கள். நிழலில் ஒதுங்கி அல்லாஹ்விடம் கையேந்தினார்கள். அதற்குமேல் பேச்சை வளர்க்கவில்லை. பிறகு அப்பெண்களில் ஒருவர் நாணத்தோடு நடந்து வந்து, தந்தை அழைப்பதாகத் தெரிவித்தார். இவரை வேலைக்கு அமர்த்துங்கள் என்று தந்தையிடம் மனம் திறந்து சொல்லவும் செய்தார். அது மகள் தந்தையிடம் பேச முடிந்த வீடு! அதனால்தான் அந்தச் சந்திப்பு கண்ணியமான நிக்காஹில் போய் முடிந்தது.

பெற்றோர்களுக்கு

இக்காலத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் குழந்தையே. அவருடைய சம்மதம் சம்மதமாகாது. விளையாட்டாய்த் துவங்கியது எல்லை மீறினால் பையன் சிறைக்குப் போகிறான். இத்தகைய வாலிபர்களைத் தண்டிப்பது இச்சட்டத்தின் நோக்கமன்று என்று சென்னை உயர்நீதிமன்றம் 2021 ஜனவரியில் கவலையோடு சொல்லும் அளவுக்கு வழக்குகள் பெருகின. கட்டிக் கொடுத்துவிடலாம் என்றால், பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயதாக வேண்டும். மணமுடிக்க இயலாத வாலிபர்களை நோன்பு நோற்குமாறு நாயகம் அவர்கள் ஏவியதும், அவர்களுடைய மன உணர்வை அறிந்துதான்.

ஆகவே, தந்தையர்களே! இந்த விடுமுறையில் மகனைப் பக்கத்தில் அமர்த்திப் பேசுங்கள். தொழிலில் கூட வைத்துக் கொள்ளுங்கள். இரவில் செல்போன் கூடத்தில் இருக்கட்டும். உங்களுடையதும் அங்கேயே இருக்கட்டும். தாய்மார்களே! மகள் ஒரு சீட்டைக் கொண்டு வந்து காட்டினால், முதலில் அவளை அணைத்துக் கொள்ளுங்கள், விசாரணை பிறகு.

மறுவாரம் அதே இடத்தில் நின்று, நாம் பாதியைத்தான் சொன்னோம் என்று ஒப்புக்கொண்டு மீதியைச் சொன்னோம். அந்தச் சகோதரரிடம் கடலைக் காட்டி ஒன்று கேட்டோம்: "61 நாள் தடை வலைக்கா, மீனுக்கா?" அவர் நெடுநேரம் பேசவில்லை. ஜூன் மாதம் அவர் மகள் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். பையன் ஒரு நாள் ஃபஜ்ருக்கு வந்து கடைசி ஸஃப்பில் நின்றான். நாம் எதுவும் கேட்கவில்லை. ஸலாம் மட்டும் சொன்னோம்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளின் நாணத்தைக் காப்பாயாக! அவர்கள் தடுமாறும்போது ஓடி வந்து சொல்லும் இடமாக எங்கள் வீடுகளையும் பள்ளிவாசல்களையும் ஆக்குவாயாக! ஆமீன். யாரப்பல் ஆலமீன்.