கட்டணமும் கடமையும்

ஆண்டுதோறும் மே மாதத்தின் கடைசி வாரத்தில் பங்கு இல்லத்திற்கு வருவோர் தொகை கூடுகிறது. திருமண ஓலை எழுதவும் திருமுழுக்குச் சான்றிதழ் பெறவும் வருபவர்கள் எப்போதும் உண்டு. இவர்கள் வேறு. சிலர் நம் பள்ளி ஒன்றில் இடம் கேட்டுப் பரிந்துரைக் கடிதம் வாங்க வருகிறார்கள். சிலர் கட்டணத்திற்கு இன்னும் எத்தனை ஆயிரம் குறைகிறது என்று சொல்லி உதவி கேட்க வருகிறார்கள். வேறு சிலர், "சாமி, பிள்ளையை எங்கே சேர்த்தால் நல்லது?" என்று மட்டும் கேட்டுவிட்டு முகத்தைப் பார்த்து நிற்கிறார்கள். முதல் இரு வகையினருக்கு விடை சொல்வது எளிது. மூன்றாம் வகையினரின் கேள்வியே கடினமானது. பிள்ளை பெறாதவன் பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேசலாமா என்னும் நியாயமான ஐயத்தையும் தாண்டித்தான் குரு ஒருவன் இதற்கு விடை தேட வேண்டும்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது குடும்ப வரவு செலவுக் கணக்கு. கையில் பணம் இருப்பவர் தனியார் பள்ளிக்கு அனுப்புகிறார், இல்லாதவர் அரசுப் பள்ளிக்கு அனுப்புகிறார், இதில் அறநெறி எங்கே வந்தது என்று வாசகர் கேட்கலாம். பள்ளிக்குச் செல்லும் பணம் அதே வீட்டில் வேறொருவருக்குச் சேர வேண்டிய பணமாக இருக்கக்கூடும். ஒரு பள்ளியைவிட்டு விலகும் பிள்ளை, அங்கே எஞ்சியிருக்கும் பிள்ளைகளையும் விட்டு விலகுகிறது. இந்த இரண்டும் நீதியைச் சார்ந்தவை. ஆகவே இக்கேள்வியைக் கணக்கு நோட்டோடு மூடிவிட இயலாது. எனினும் கணக்கிலிருந்தே தொடங்குவோம்.

ஒரு கொத்தனார் என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 900 ரூபாய் கூலி. மழை நாள், வேலையற்ற நாள் எல்லாம் போக மாதம் 20 நாள் வேலை. ஆண்டுக்கு 2,16,000 ரூபாய் வருவாய். இரு பிள்ளைகள். நடுத்தரமான ஓர் ஆங்கில வழிப் பள்ளியில் ஒரு பிள்ளைக்குக் கல்விக் கட்டணம் 24,000 என்றும், வேன் மாதம் 900 வீதம் பத்து மாதங்களுக்கு 9,000 என்றும், புத்தகம், நோட்டு, சீருடை, காலணி, ஆண்டு விழா என்று 7,000 என்றும் கொள்வோம். ஒரு பிள்ளைக்கு 40,000; இருவருக்கு 80,000. வருவாயில் மூன்றில் ஒரு பங்கிற்கும் மேல் போய்விட்டது. எஞ்சியிருப்பது மாதம் 11,000 ரூபாயும் சில்லறையும். வீட்டு வாடகை, அரிசி, பருப்பு, முதியவர்களின் மாத்திரை, திருவிழா வரி, உறவினர் வீட்டு விசேடம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

இக்கணக்கில் தெரியாத ஒன்றும் உண்டு. கூலி நாள்தோறும் சிறுகச் சிறுக வருகிறது. கட்டணமோ ஜூன் மாதத்தில் மொத்தமாகக் கேட்கப்படுகிறது. எனவே தாயின் வளையலோ சங்கிலியோ அடகுக்குப் போகிறது. ஓராண்டில் மீட்க வேண்டும் என்பது எண்ணம். அடுத்த ஜூன் வந்துவிடுகிறது. வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைக்கிறார்கள். இவ்வாறு முதல் வகுப்பில் அடகுக்குப் போன நகை, பிள்ளை ஐந்தாம் வகுப்பு முடிக்கும்போது ஏலத்திற்குப் போயிருப்பதை எந்தப் பங்கிலும் காணலாம். பணம் இருவருக்குப் போதாத வீடுகளில் இன்னொன்றும் நடக்கிறது: மகன் கழுத்துப்பட்டை அணிந்து வேனில் ஏறுகிறான், மகள் தெருமுனையில் உள்ள பள்ளிக்கு நடந்து போகிறாள். எந்தப் பள்ளி நல்லது என்ற விவாதத்தை இங்கே நிறுத்திவிடலாம். பெற்றோரே ஒன்றை உயர்ந்தது என்று நம்பி, அதை ஒரு பிள்ளைக்குக் கொடுத்து மற்றதற்கு மறுக்கிறார்கள். அதற்குக் காரணம் அவள் பெண் என்பதைத் தவிர வேறில்லையெனில், அது பாவம் என்று நேராகச் சொல்லுவதே மேய்ப்பனின் கடமை.

கட்டணம் கொடுத்து எதை வாங்குகிறார்கள் என்பதையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். ஆங்கிலம் என்பது முதல் விடை. ஒழுங்கும் கண்காணிப்பும் இரண்டாவது. 'நல்ல சேர்க்கை' என்பது மூன்றாவது. இதைப் பெரும்பாலோர் குரலைத் தாழ்த்தியே சொல்கிறார்கள். முதல் இரண்டையும் எள்ளி நகையாட நான் முன்வரமாட்டேன். தாம் ஆங்கிலம் அறியாததால் ஓர் அலுவலகத்து மேசைக்கு முன் தலைகுனிந்து நின்ற தந்தை, தன் பிள்ளை அப்படி நிற்கலாகாது என்று விரும்புவதில் என்ன குற்றம்? தாய்மொழிக் கல்வியின் சிறப்பை மேடையில் முழங்கிவிட்டுத் தம் பிள்ளைகளை வேறிடத்தில் படிக்க வைப்போர் அவரைக் கண்டிக்கும் தகுதி உடையவர் அல்லர். மூன்றாவது விடைதான் நெஞ்சை உறுத்துகிறது. யாருடைய பிள்ளைகளோடு சேரலாகாது என்று கருதுகிறோம்? அந்தப் பட்டியலை எழுதச் சொன்னால் பெரும்பாலும் அது சாதிப் பட்டியலாகவே அமையும். ஒரே திருப்பந்தியில் பங்குபெறும் நம்மவரிடையேயும் இது உண்டு என்பதை மறைத்துப் பயனில்லை.

மறுபக்கத்தில், அரசுப் பள்ளி எதையும் தராது என்ற எண்ணமும் பழையதாகிவிட்டது. 2010-11 முதல் படிப்படியாக வந்த சமச்சீர்க் கல்வி, 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் உறுதிப்பட்டது. மெட்ரிகுலேஷன் பள்ளிக்கும் அரசுப் பள்ளிக்கும் அன்று முதல் ஒரே பாடத்திட்டம். 2012-13இலிருந்து அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழிப் பிரிவுகள் திறக்கப்பட்டன. 2020இல் வந்த சட்டம், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் பயின்றவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு அளித்தது. அடுத்த ஆண்டில் பொறியியல், வேளாண்மை முதலிய தொழிற்படிப்புகளுக்கும் அது விரிந்தது. 2022இல் காலை உணவுத் திட்டமும், உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் தொடங்கின. எல்லா அரசுப் பள்ளிகளும் நன்றாக நடக்கின்றன என்று இதற்குப் பொருள் இல்லை. ஐந்து வகுப்புகளையும் ஓரிருவரே கவனிக்கும் தொடக்கப்பள்ளிகள் உண்டு. பெயரளவில் மட்டும் ஆங்கிலம் இருக்கும் தனியார் பள்ளிகளும் உண்டு. பெற்றோர் இரு பள்ளிகளுக்கும் நேரில் சென்று, மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றை அழைத்துத் தமிழில் ஒரு பத்தியையும் ஆங்கிலத்தில் ஒரு பத்தியையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டாலே பாதி உண்மை தெரிந்துவிடும். நாம் வீடு வாங்கப் பத்திரத்தைப் பத்துப் பேரிடம் காட்டுகிறோம். பள்ளியைத் தேர்ந்தெடுக்க வேனின் நிறத்தைப் பார்க்கிறோம்.

திருச்சபையின் படிப்பினை இதில் என்ன சொல்கிறது? பெற்றோரே முதன்மையான கல்வியாளர்கள், பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களுடையது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28இல் வெளியிட்ட கிறித்தவக் கல்வி பற்றிய அறிக்கை கூறுகிறது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பும் இதையே வலியுறுத்துகிறது. கத்தோலிக்கக் கல்வி தரும் பள்ளிகளிலேயே பிள்ளைகளைச் சேர்க்குமாறு பணிக்கும் 798ஆம் எண் சட்டம், அது இயலாதபோது பள்ளிக்கு வெளியே அக்கல்வி கிடைக்கச் செய்யும் பொறுப்பையும் பெற்றோருக்கே தருகிறது. ஆகவே அரசுப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோர் ஏதோ சட்டத்தை மீறியவர்போல் கூச வேண்டியதில்லை. ஞாயிறு மறைக்கல்வியில் தவறாமல் இருந்தால் போதும்.

இவ்வுரிமை எதற்காகக் கோரப்பட்டது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் 1922இல், பிள்ளைகள் யாவரும் அரசுப் பள்ளியிலேயே பயில வேண்டும் என்று ஒரு சட்டம் வாக்கெடுப்பால் நிறைவேறியது. கத்தோலிக்கப் பள்ளிகளை மூடிவிடுவதே அதன் உள்நோக்கம். அங்கே பள்ளி நடத்திய அருட்சகோதரியர் சபை ஒன்று வழக்குத் தொடுத்தது. 1925இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாததாக்கியது. நான்கு ஆண்டுகளுக்குப் பின் திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் கல்வி பற்றிய தம் சுற்றுமடலில் அத்தீர்ப்பை எடுத்துக்காட்டி மகிழ்ந்தார். மனச்சான்றைக் காக்க, விசுவாசத்தைப் பிள்ளைக்குக் கையளிக்கக் கோரப்பட்ட உரிமை அது. அதே உரிமையை நாம் இன்று எதற்குப் பயன்படுத்துகிறோம்? சங்கத்தின் அறிக்கையே, கத்தோலிக்கப் பள்ளிகள் ஏழைகள் மீதும் குடும்பத்தின் ஆதரவை இழந்தோர் மீதும் தனிக் கவனம் செலுத்த வேண்டும் என்றும் கேட்கிறது. முதல் பகுதியை நாம் நன்றாக மனப்பாடம் செய்திருக்கிறோம்.

இங்கே புனித தெலசாலின் வரலாற்றில் ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. அவருடைய சகோதரர்கள் 1688இல் பாரிஸ் நகரின் புனித சுல்பீஸ் பங்கிற்கு வந்து இலவசப் பள்ளி நடத்தினார்கள். இலத்தீனுக்கு முன்பாகத் தாய்மொழியாகிய பிரெஞ்சில் வாசிக்கக் கற்பித்தார்கள். கட்டணம் வாங்கிக் கற்பித்துவந்த எழுத்தாசிரியர் சங்கத்தினர் பொறுக்கமாட்டாமல் வழக்குத் தொடர்ந்தனர். இலவசப் பள்ளி வறியவருக்கு மட்டுமே உரியது, பணம் கொடுக்கக் கூடியவரின் பிள்ளைகள் எங்களிடம் வர வேண்டும் என்பது அவர்கள் வாதம். பிள்ளைகளை வறியவர், வசதியுள்ளவர் என்று பிரித்துச் சேர்க்கத் தெலசால் இணங்கவில்லை. அதற்காகத் துன்பப்பட்டார். தம் பள்ளி வறியவருக்கு மட்டுமென ஒதுக்கப்பட்டால் அது எத்தகைய பள்ளியாகிவிடும் என்பதை அவர் உணர்ந்திருந்தார் என்றே நான் எண்ணுகிறேன்.

ஊர் முழுவதும் ஒரே பள்ளியில் படித்த காலத்தில், ஆசிரியர் வராவிட்டால் கேட்கத் துணிந்தவர் ஒருவராவது இருந்தார். கிராம நிர்வாக அலுவலரின் பிள்ளையும் கடைக்காரர் பிள்ளையும் அங்கே இருந்தன. இன்று பேசத் தெரிந்தவர்கள் போய்விட்டார்கள். பேசினால் கூலி இழப்போரும், பேசிப் பழகாதோரும் எஞ்சியிருக்கிறார்கள். 2015 ஆகஸ்டில் அலகாபாத் உயர் நீதிமன்றம், உத்தரப்பிரதேச அரசு அலுவலர்களின் பிள்ளைகள் அரசுத் தொடக்கப்பள்ளிகளிலேயே பயில ஏற்பாடு செய்யுமாறு ஆணையிட்டது. நோயை அந்நீதிபதி சரியாகக் கண்டறிந்தார். மருந்தைப் பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. ஆரிகன் மாநிலத்தில் நாம் எதிர்த்த கட்டாயத்தை இங்கே கைதட்டி வரவேற்க என் மனம் ஒப்பவில்லை. கட்டாயத்தால் வராத பொறுப்பு மனச்சான்றால் வர வேண்டும். ஆனால் பிள்ளையைப் பெற்றோரின் கொள்கைக்குப் பலியாக்குவதும் முறையன்று. அருகில் உள்ளோரை முதலில் அன்பு செய்வது இயல்பான ஒழுங்கு என்று புனித அக்குவினா தோமையார் கற்பித்தார். தன் மகளின் படிப்பை ஊராரின் படிப்புக்கு முன்வைக்கும் தாய் தன்னலக்காரி அல்லள்.

இவ்வளவும் பெற்றோருக்குச் சொல்லிவிட்டு நம் நிறுவனங்களைப் பற்றி வாய் மூடியிருப்பது நேர்மையாகாது. ஒரே சுற்றுச்சுவருக்குள் இரு பள்ளிகள்: அரசு உதவிபெறும் தமிழ் வழிப் பள்ளி ஒன்று, கட்டணம் பெறும் மெட்ரிகுலேஷன் பள்ளி மற்றொன்று. வாயில்கள் வேறு, சீருடைகள் வேறு, சில இடங்களில் விளையாட்டுத் திடலின் நேரமும் வேறு. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கச் சொன்னது. 2014இல் உச்ச நீதிமன்றம் சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு அச்சட்டம் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. நம் உரிமை காக்கப்பட்டது என்று மகிழ்ந்தோம். அந்த 25 விழுக்காட்டைச் சட்டம் கேட்காதபோதே நாமாகக் கொடுத்திருக்கலாம் அல்லவா? கொடுக்கிற பள்ளிகள் இருக்கின்றன. அவை விதிவிலக்காக இருப்பதே என் வருத்தம்.

அந்த மூன்றாம் வகையினரிடம் நான் சொல்வது இவ்வளவே. கடன் வாங்காமல், மகளுக்கும் மகனுக்கும் சமமாக, முதியோரின் மருந்தைக் குறைக்காமல் கட்ட முடிந்தால், நீங்கள் நல்லது என்று கண்ட பள்ளியில் சேருங்கள். அரசின் கட்டண நிர்ணயக் குழு அப்பள்ளிக்கு எவ்வளவு விதித்திருக்கிறது என்பதையும் கேட்டுக் கட்டுங்கள். அடகு வைத்துத்தான் கட்ட வேண்டுமெனில் வேண்டாம். இரவு பதினொரு மணி வரை இரட்டை வேலை பார்த்துக் கட்டணம் கட்டும் தந்தையைப் பிள்ளை பார்ப்பதே இல்லை. சாப்பாட்டு வேளையில் தந்தையும் தாயும் பிள்ளையோடு அமர்ந்து, அன்று படித்ததைக் கேட்டறியும் வீட்டில் பாதிப் பள்ளிக்கூடம் நடந்துவிடுகிறது. மீதிப் பாதிக்கு அருகில் உள்ள அரசுப் பள்ளி போதும், அல்லது நம் உதவிபெறும் பள்ளி போதும்.

போதாத இடத்தில் போதுமானதாக்கவும் வழி உண்டு. கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். கழிப்பறைத் தண்ணீர், ஆசிரியர் பற்றாக்குறை, உடைந்த கூரை எல்லாவற்றையும் அங்கே தீர்மானமாக எழுதி மேலே அனுப்பலாம். எங்கள் பங்கின் எல்லைக்குள் இருக்கும் பள்ளியில் இக்கூட்டம் மாலை நேரத்தில் நடக்கிறது. வேலையைப் பாதியில் விட்டு வந்தால் அரை நாள் கூலி போய்விடும் என்பதால் பல தாய்மார் கையெழுத்திடுவதற்கு மட்டும் ஓடி வந்து போகிறார்கள். மாதச் சம்பளம் பெறுவோருக்கு வர நேரம் உண்டு. அவர்கள் பிள்ளைகள் அங்கே இல்லை. பெற்றோர் அல்லாதவருக்கும், கல்வி ஆர்வலர் என்ற பெயரில் அக்குழுவில் இடம் இருக்கிறது. சென்ற ஆண்டு மறையுரையில் இதை அறிவித்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வழிபாடு முடிந்ததும் சக்ரீஸ்துக்கு வந்து, கூட்டம் எந்தக் கிழமை என்று கேட்டார். அவருடைய பேரப்பிள்ளைகள் சென்னையில் கட்டணப் பள்ளியில் படிக்கிறார்கள். அவர் இதுவரை ஒரு கூட்டத்தையும் தவறவிடவில்லை.