ஊதச் சொல்கிறவர்கள்

கட்டபெட்டில் ஊட்டி ரோடும் குன்னூர் ரோடும் பிரிகின்றன. இந்த மலை வளைவுகளில் நகராட்சி லாரி ஓட்டுகிறவர் குடித்திருக்கக் கூடாது. இதில் வாதமே இல்லை. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் குற்றம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவு. ஊதுன்னா ஊதத்தான் வேணும்.

என் சித்தப்பா நகராட்சி ஒன்றில் லாரி ஓட்டினவர். அதற்கு முன்னால் மலக்குழியில் இறங்கினவர். அப்போ மேஸ்திரியே குவாட்டர் வாங்கிக் கொடுப்பாராம். "குடிக்காம அந்த நாத்தத்துல எவன்டா எறங்குவான்?" என்பார் சித்தப்பா. ஸ்டியரிங் பிடித்த பிறகு அதே நிர்வாகம் அவரை ஊதச் சொன்னது. குழியில் இறங்கின காலத்தில் விஷவாயு இருக்கிறதா என்று ஒருநாளும் அளந்து பார்த்ததில்லை.

பாதுகாப்புக் கருவி இல்லாமல் மனிதரைக் குழியில் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. சாவுகள் நிற்கவில்லை. 2014-இல் 10 லட்சம் ரூபாய் என்று சொன்ன இழப்பீட்டை 2023-இல் 30 லட்சமாக்கியது உச்ச நீதிமன்றம். மதுவையோ 2003 முதல் டாஸ்மாக் கடைகளில் அரசே விற்கிறது.

ரோட்டில் போகிறவர் உயிருக்கு ஆபத்து என்றால் கருவி வருகிறது. எங்கள் உயிருக்கு ஆபத்து என்றால் குவாட்டர் வருகிறது. இது என்ன நியாயம்?

சோதனை வேண்டாம் என்று சித்தப்பா சொன்னதில்லை. "ரோட்டுல நம்ம புள்ளைங்களுந்தான நடக்குதுங்க" என்பார். குடித்த ஓட்டுநரைப் பிடிக்க ஒரு மெஷின் இருக்கிறது. குடிக்கவைத்து இறக்கினவர்களை யார் பிடிப்பது?