வாப்பாவின் நாணயமும் மகனின் கணக்கும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

நம் பத்து பாகாட்டில் தகப்பனும் மகனும் ஒரே கடையில் நிற்கும் இடங்களில் நாம் அடிக்கடி காணும் வழக்கு ஒன்று உண்டு. பழைய வாடிக்கைக்காரர் வருகிறார், சாமான் எடுக்கிறார், மாதக் கடைசியில் தருவதாகச் சொல்கிறார். வாப்பா தலையசைத்து அனுப்பிவிடுகிறார். மகனோ, "எழுதாமல் கொடுத்தால் கணக்கு எப்படி நிற்கும்? 2024 முதல் அரசாங்கமே மின்விலைச்சீட்டைப் படிப்படியாகக் கொண்டு வருகிறதே!" என்கிறான். "உன் பாட்டனார் வாய்ச்சொல்லில் வளர்த்த கடையடா இது" என்று வாப்பா சினக்கிறார். அன்றிரவு வீட்டில் இருவருக்கும் பேச்சில்லை.

நியாயம் யார் பக்கம்? திருமறையைத் திறந்து பார்ப்போம். ஸூரத்துல் பகராவின் 282-வது ஆயத், தவணைக்குக் கொடுக்கும் கடனைச் சாட்சி வைத்து எழுதிக்கொள்ளும்படியும், சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சலிக்க வேண்டாமென்றும் பணிக்கிறது. குர்ஆன் ஷரீபிலேயே மிக நீண்ட ஆயத் இதுதான். ஆகவே மகன் கேட்பது புது மோகமன்று.

அதற்கு இரண்டு ஆயத்து முன்னே, 280-ல், கடன்பட்டவர் கஷ்டத்திலிருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கும்படியும், தர்மமாக விட்டுவிடுவது இன்னும் மேல் என்றும் அல்லாஹுத் தஆலா கூறுகிறான். ஆகவே வாப்பாவின் இளகிய மனம் அறியாமையன்று.

மகன் 280-ஐ மறக்கிறான்; வாப்பா 282-ஐ மறக்கிறார். சண்டை அவ்வளவுதான்! ஆனால் அதன் விளைவு சிறிதன்று. வாப்பா மவுத்தாகிவிட்டால், தர வேண்டியதும் வர வேண்டியதும் அவரோடு கபுருக்குள் போய்விடும். கடனைத் தீர்த்த பிறகே வாரிசுகளுக்குப் பங்கு என்பது மார்க்கச் சட்டம். எழுதாத கடனை யார் தீர்ப்பது?

ஹிஜ்ரி 3-ல் (கி.பி. 625) உஹதுக்கு முன், மதீனாவுக்குள் இருந்தே எதிர்ப்பதுதான் நாயகம் (ஸல்) அவர்களின் எண்ணம். பத்ரில் கலந்துகொள்ளக் கிடைக்காத வாலிபர்கள் வெளியே செல்லத் துடித்தார்கள். அண்ணலார் அவர்கள் சொல்லை ஏற்றார்கள். சுமார் 70 ஸஹாபாக்கள் ஷஹீதானார்கள். அதன்பின் இறங்கிய வசனம் என்ன? அவர்களை மன்னியுங்கள், இனியும் அவர்களோடு ஆலோசனை செய்யுங்கள் என்பதே (3:159). ஒருமுறை நஷ்டம் வந்ததற்காக, "இனி நீ வாய் திறக்காதே" என்று மகனிடம் சொல்லும் பெரியோர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

வாலிபர்களே! பெற்றோரைச் "சீ" என்றும் சொல்லாதே என்ற கட்டளை (17:23), உங்கள் கணக்கு சரியாக இருக்கும் நாளிலும் கட்டளைதான்.

இன்று இஷாவுக்குப் பிறகு இருவரும் உட்காருங்கள். வாப்பா பெயர்களைச் சொல்லட்டும், மகன் எழுதட்டும். யார் கஷ்டத்திலிருக்கிறார் என்பது வாப்பாவுக்குத்தான் தெரியும். அவகாசத்தை அவர் சொல்லட்டும், அதையும் மகன் எழுதட்டும். சிம்பாங் கிரியும் சிம்பாங் கானானும் கலந்த பிறகல்லவா நம் ஊர் ஆறு கடலுக்குப் போகிறது!

சிறியோருக்கு இரங்காதவரும் பெரியோரை மதிக்காதவரும் நம்மைச் சார்ந்தவரல்லர் என்பது நபிமொழி. அந்தக் கூட்டத்தில் சேராமல் அல்லாஹ் நம் அனைவரையும் காப்பானாக! ஆமீன்.