தவணைக்கு முன் தீரும் கடன்

தவணை வருமுன் கடனைத் திருப்பிக் கேட்பவனைக் கொடியவன் என்கிறோம். தவணை வருமுன் கொண்டுவந்து கொடுப்பவனை யோக்கியன் என்கிறோம். ஆயினும் அந்த யோக்கியனிடமே அபராதம் வாங்கும் வழக்கமும் உலகில் உண்டு. வட்டி என்பது பணம் கைவசமிருந்த காலத்துக்குக் கூலியா, எழுதிக் கொடுத்த வாக்குக்கு விலையா என்னும் வினா அங்கேதான் பிறக்கிறது.

முதலில், கடன் பட்டவர் சர்க்காராயிருந்த கதையைப் பார்ப்போம். முதல் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் சர்க்கார் நூற்றுக்கு 5 வட்டியில் மக்களிடம் கடன் வாங்கிற்று. 1929க்குப் பின் வேண்டியபோது முதலைத் திருப்பிவிடலாம் என்று பத்திரத்திலேயே உரிமை வைத்துக்கொண்டது. 1932ல் வட்டி இறங்கவே, நிதி மந்திரி நெவில் சேம்பர்லின் அவ்வுரிமையைக் கையில் எடுத்தார். மூன்றரை வட்டிக்கு இசையலாம். இல்லையேல் முதலைப் பெற்றுக்கொள்ளலாம். ஏறத்தாழ 200 கோடி பவுன் கடன் அது. இசைவதே தேசபக்தி என்று பிரசாரமும் நடந்தது. அவ்வட்டியையே நம்பிய கைம்பெண், முதலைத் திரும்ப வாங்கினாலும் பழைய வட்டிக்கு எங்கே கொண்டுபோய் வைப்பாள்? எனினும் இதனை மோசடி என்று யான் சொல்லேன். நிபந்தனை எழுத்தில் இருந்தது.

இனி, எளியவன் கடனைப் பார்ப்போம். வாடகைக் கொள்முதலில் ஒருவன் மோட்டார் சைக்கிள் வாங்குகிறான். தவணை 12 மாதம். வட்டி 78 வெள்ளி என்று கொள்வோம். ஆறாம் மாத முடிவில் முழுதும் அடைக்க வருகிறான். மலேசியாவின் 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதற் சட்டம் இத்தகையோனுக்கு வட்டியில் கழிவு பெறும் உரிமையைத் தந்தது. நன்றே! ஆனால் கழிவு போடும் கணக்கைப் பாருங்கள். 1 முதல் 12 வரை கூட்டினால் 78. முதல் மாதத்துக்கு 12 பங்கு, அடுத்ததற்கு 11, இப்படியே இறங்கிக் கடைசி மாதத்துக்கு 1. மிச்சமுள்ள ஆறு மாதங்களுக்கு உரியவை 21 பங்குகளே. காலத்தில் பாதி மிஞ்சியும், திரும்புவது 21 வெள்ளி; போனது 57.

உடனே அநியாயம் என்று கூவுவதும் தகாது. தொடக்கத்தில் நிலுவை மிகுதியாதலால் வட்டியும் மிகுதிதான். ஓராண்டுக் கடனில் இக்கணக்குக்கும் உண்மைக் கணக்குக்கும் வித்தியாசம் சிறிது. தவணை நீளநீள, வட்டி ஏறஏற, அது கடனாளியின் தலையில் வளர்கிறது. அதனாலன்றோ 61 மாதங்களுக்கு மேற்பட்ட நுகர்வோர் கடன்களில் இம்முறை கூடாதென்று அமெரிக்கா 1992ல் சட்டம் செய்தது!

முன்கூட்டித் தீர்வதால் கொடுத்தவனுக்கு மெய்யான நஷ்டம் உண்டானால் கேட்கட்டும். பத்திரச் செலவையும் கேட்கட்டும். வாராத மாதத்துக்குக் கூலி கேட்பானேன்? எழுத்தில் இருக்கிறதே என்பர். எழுதியது மட்டும் போதுமா? விளங்காத தாளில் இட்ட கையெழுத்தைச் சம்மதம் என்பது, மந்திரத்தின் பொருள் தெரியாதவனைப் பக்தன் என்பது போலத்தான். 78ன் கணக்கைக் கையெழுத்துக்கு முன் அவனுக்குச் சொன்னவர் யார்? பணத்தை எண்ணி எடுத்துக்கொண்டு ஆறாம் மாதம் போய் நிற்கும்போதல்லவா சொல்கிறார்கள்!