ஓசி டிக்கெட்

அமெரிக்காவில் வேலை பார்க்கும் தமிழர்கள் நாலு பேர் சேர்ந்தால், பேச்சு விசா, வீட்டுக்கடன் என்று சுற்றிவிட்டுக் கடைசியில் கிரெடிட் கார்டில் வந்து நிற்கும். "பாயிண்ட்ஸ்லயே ஊருக்குப் போயிட்டு வந்துட்டேன், டிக்கெட் ஓசி" என்பார் ஒருவர். எந்தக் கார்டு என்று மற்றவர்கள் கேட்பார்கள். ஓசி என்றால் யாரோ கொடுத்திருக்க வேண்டும் அல்லவா? அது யார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

இந்த வருடம் அந்தத் தேர்வு எனக்கும் வந்தது. ஒரு பக்கம் யுனைட்டெட் எக்ஸ்ப்ளோரர் என்ற விமான நிறுவனக் கார்டு, ஆண்டுக் கட்டணம் 150 டாலர். இன்னொரு பக்கம் சேஸ் வங்கியின் சஃபயர் ரிசர்வ், 795 டாலர். முதலாவதில் சேரும் மைல்கள் யுனைட்டெடிடமே கிடக்கும். இரண்டாவதில் சேரும் பாயிண்டுகளை யுனைட்டெடுக்கும் மாற்றலாம், பிரிட்டிஷ் ஏர்வேஸுக்கும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கும் மாற்றலாம். நெவார்க்கிலிருந்து சென்னைக்கு நேரடி விமானம் கிடையாது. லண்டன், சிங்கப்பூர், டெல்லி என்று எங்காவது இறங்கி ஏறத்தான் வேண்டும். எந்த வழியில் சீட் இருக்கிறதோ அந்த வழியில் போகலாம் என்பது சின்ன வசதி இல்லை.

மேலோட்டமாகப் பார்த்தால் இது விசுவாசத்துக்கும் சுதந்திரத்துக்கும் நடுவிலான தேர்வு. ஆனால் அந்த விசுவாசம் ஒருவழிப் பாதை. 2019இல் யுனைட்டெட், எந்தப் பகுதிக்கு எத்தனை மைல் என்று சொல்லும் அட்டவணையையே எடுத்துவிட்டது. அடுத்த வருடம் கொரோனாவில் விமானங்கள் முடங்கியபோது, தன் மைலேஜ் திட்டத்தை ஈடாக வைத்து 680 கோடி டாலர் திரட்டியது. நம்முடைய விசுவாசம் அவர்களுக்கு அடகு வைக்கத்தக்க சொத்து. நமக்கோ, அவர்கள் எப்போது வேண்டுமானாலும் விலையை மாற்றக்கூடிய ஒரு வாக்குறுதி.

சுதந்திரம் மட்டும் என்ன வாழ்கிறதாம்? 795 டாலரை ஈடுகட்ட ஹோட்டல் சலுகை, உணவகச் சலுகை என்று ஒரு பட்டியல் கொடுக்கிறார்கள். பலவற்றுக்குக் கெடு உண்டு. போக நினைக்காத ஹோட்டலுக்கு, கெடு முடியப்போகிறதே என்று போகிறோம். வீட்டுப்பாடம் கொடுக்கும் சுதந்திரம் அது.

இதெல்லாம் சாமர்த்தியக் கணக்கு. என் கணக்கு வேறு. அம்மா திருச்சியில் தனியாக இருக்கிறார். ராத்திரி போன் அடித்தால் இங்கே எல்லோருக்கும் வயிற்றைப் பிசையும். கடைசி நிமிஷ டிக்கெட்டுக்கு என்ன விலை கேட்பார்கள் என்று தெரியாது. சேர்த்துவைத்த மைல் இருந்தால் மறுநாளே கிளம்பலாம் என்று ஒரு தைரியம். எனக்கு வேண்டியது அந்தத் தைரியம்தான்.

அதற்குக் காசு போடுவது யார்? நான் கார்டைத் தேய்க்கும்போது, விலையில் சுமார் 2 முதல் 3 சதவீதம் கடைக்காரர் கைக்குப் போவதில்லை. அதில் ஒரு பங்குதான் பாயிண்டாக என்னிடம் திரும்பி வருகிறது. கடைக்காரர் அந்தச் செலவை விலையில் ஏற்றுகிறார். ரொக்கம் கொடுப்பவரும் அதே விலையைத்தான் கொடுக்கிறார், ஆனால் அவருக்குப் பாயிண்ட் இல்லை. பாஸ்டன் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் ஆய்வாளர்கள் 2010இல் இதைக் கணக்கிட்டார்கள். ரொக்கத்தில் வாங்கும் குடும்பம் சராசரியாக ஆண்டுக்கு 149 டாலரைக் கார்டு வைத்திருப்பவர்களுக்குத் தருகிறது. கார்டு குடும்பத்துக்கு 1,133 டாலர் வருகிறது. மொத்தத்தில் பணம் ஏழையிடமிருந்து வசதியானவரிடம் போகிறது. உணவக அடுக்களையில் பாத்திரம் கழுவுகிறவருக்கு எந்த வங்கியும் கார்டு நீட்டுவதில்லை. அவருக்கும் எங்கோ ஓர் ஊரில் அம்மா இருப்பார். அங்கே போக அவர் முழு விலை கொடுப்பார், என் டிக்கெட்டுக்கும் கொஞ்சம் கொடுத்துவிட்டு.

"நீ கார்டை வெட்டிப் போட்டா அவருக்கு அரிசி விலை குறைஞ்சிடுமா?" என்று நண்பன் கேட்டான். குறையாது. நியாயமான கேள்விதான். ஐரோப்பிய ஒன்றியம் 2015இல், கடைக்காரரின் வங்கி கார்டு கொடுத்த வங்கிக்குத் தரும் கட்டணத்துக்கு, கிரெடிட் கார்டுகளில் 0.3 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்தது. அது சட்டத்தால் நடந்த மாற்றம். யாரும் தனியாளாக விரதம் இருந்து கொண்டுவந்ததில்லை. ஆனால் 'என்னால் மாற்ற முடியாது' என்பதும் 'எனக்குக் கடன் இல்லை' என்பதும் ஒன்றல்ல. முதலாவது உண்மை. அதைச் சொல்லி இரண்டாவதையும் சேர்த்து நிரூபித்ததாக நாம் நினைத்துக்கொள்கிறோம்.

கடைசியில் விமானக் கார்டைத்தான் எடுத்தேன். கணக்குப்படி மற்றது சாமர்த்தியமாக இருக்கலாம். ஆனால் என் தேவைக்கு ஓர் எல்லை உண்டு: ஊருக்கு ஒரு டிக்கெட். 795 டாலர் கார்டில் அந்த எல்லை கரைந்துபோகும், தேவை எது ஆசை எது என்று பிரிக்க முடியாது. சின்னக் கடைகளில் ரொக்கம் கொடுக்கிறேன். அங்கே அந்த 2 சதவீதம் கடைக்காரரிடமே நிற்கும், அவ்வளவுதான். இதைப் புண்ணியக் கணக்கில் எழுதிக்கொள்ள மாட்டேன்.

நம் ஊர்க் கல்யாணத்தில் மொய் நோட்டு இருக்கும். யார் எவ்வளவு வைத்தார்கள் என்று பெயரோடு இருப்பதால், திருப்பிச் செய்யவேண்டியவர் யார் என்பதும் தெரியும். எனக்கு மைல் சேர்த்துத் தந்தவர்களின் பெயர் எந்த நோட்டிலும் இல்லை. பெயர் இல்லாததால் கடன் இல்லை என்று ஆகிவிடாது. ஒருவருக்குத் தீர்க்க முடியாத கடனை எல்லோருக்குமாகத்தான் தீர்க்க வேண்டும். இங்கேயும் அப்படி ஒரு உச்சவரம்பு வரட்டும், என் மைல்கள் பாதியாகக் குறைந்தாலும் சரி என்று சொல்லத் தயாராக இருப்பது அதன் தொடக்கம். அதுவரைக்கும் 'ஓசி' என்ற வார்த்தையையாவது நான் சொல்லாமல் இருக்கலாம்.